வாசகர் கேள்வி – பதில்: பந்தயத் தடத்தில் கார் ஓட்ட எந்தத் தலைக்கவசம்?

சொந்தக் காரைப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோய், கட்டணம் செலுத்தி, போட்டி ஏதுமின்றிச் சில சுற்றுகள் வேகமாக ஓட்டிப் பார்க்கும் ‘டிராக் டே’ பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதன்பின் வந்த கடிதங்களில் டயர், பிரேக் ஆகியவற்றைவிடத் தலைக்கவசம் பற்றிய கேள்விகளே மிகுதி. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: என்னிடம் ஒரு ஹேட்ச்பேக் கார் இருக்கிறது. செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒருநாள் ஓட்டிப் பார்க்கப் பெயர் கொடுத்திருக்கிறேன். மோட்டார் சைக்கிளுக்காக நான் வைத்திருக்கும் முழுமுகத் தலைக்கவசம் ஐஎஸ்ஐ முத்திரை பெற்றது. நல்ல விலை கொடுத்து வாங்கியது. அதையே காரிலும் அணியலாமா, தனியாக ஒன்று வாங்கத்தான் வேண்டுமா? (கோவை வாசகர்)

பதில்: முதலில் அமைப்பாளரிடம் கேளுங்கள். தடத்துக்குள் விடுவதற்கு முன் காரையும் உங்கள் கவசத்தையும் பார்வையிடும் அலுவலர் ஏற்காவிட்டால், கட்டிய பணத்தோடு அந்த நாளும் போய்விடும். முதல்முறை வருபவர்களுக்கு இருசக்கர வாகனத் தலைக்கவசத்தையே அனுமதிக்கும் அமைப்பாளர்கள் உண்டு. கார்ப் பந்தயத் தரம் பெற்றதுதான் வேண்டும் என்று உறுதியாக நிற்பவர்களும் உண்டு. அனுமதி கிடைத்தால், முதல் நாளுக்கு உங்களிடம் இருப்பதையே அணிந்து போய்வரலாம் என்பது என் கருத்து. வேகப் பழக்கமில்லாத முதல் நாளில், பயிற்றுநர் பக்கத்தில் அமர்ந்திருக்க, கூரையும் காற்றுப்பையும் உள்ள சாலைக் காரில், தலைக்கு நன்றாகப் பொருந்திய ஐஎஸ்ஐ கவசம் மோசமான தொடக்கம் ஆகாது. இரண்டாம் முறையும் போக வேண்டும் என்று மனம் இழுத்தால், அப்போது கார்ப் பந்தயத்துக்கென்றே செய்த ஒன்றை வாங்கிவிடுங்கள்.

ஏன் தனியாக என்றால், இரண்டு வாகனங்களிலும் தலை அடிபடும் விதம் வேறு. மோட்டார் சைக்கிளில் செல்பவர் வண்டியிலிருந்து தூக்கி எறியப்படுகிறார்; தலை பெரும்பாலும் சாலைப் பரப்பிலோ நடைபாதை விளிம்பிலோ மோதுகிறது. காரில் இருப்பவரோ பெல்ட்டால் கட்டப்பட்டிருக்கிறார். கார் தடுப்பில் மோதி, சுழன்று, இன்னொரு முறை மோதும்போது அவர் தலை கதவுத் தூணிலோ, கார் கவிழ்ந்தால் நசுங்காமல் காக்கும் ‘ரோல் கேஜ்’ என்ற கூண்டு பொருத்தியிருந்தால் அதன் இரும்புக் குழாயிலோ, ஏறக்குறைய ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் அடிபடக்கூடும். இதற்காகவே அமெரிக்காவின் ஸ்னெல் நினைவு அறக்கட்டளை, கார்ப் பந்தயத்துக்கான ‘எஸ்ஏ’ தரத்தில், குழாய் வடிவ இரும்பின் மீது கவசத்தை மோதவிட்டுப் பார்க்கும் சோதனையைத் தனியாகச் சேர்த்திருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கான ‘எம்’ தரத்தில் அந்தச் சோதனை இல்லை.

இரண்டாவது காரணம் தீ. பைக்கிலிருந்து விழுந்தவர் பெரும்பாலும் வண்டியை விட்டு விலகியே கிடப்பார். காரில் இருப்பவர் பெல்ட்டை அவிழ்த்து வெளியே வரும்வரை நெருப்புக்குள்தான் இருக்க வேண்டும். எஸ்ஏ சோதனையில் ஏறத்தாழ 790 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள புரொபேன் சுடரைக் கவசத்தின் வெளி ஓட்டின் மீதும், தாடைப் பட்டையின் மீதும், முகக் கண்ணாடியின் மீதும் குறிப்பிட்ட விநாடிகள் பிடிக்கிறார்கள். சுடரை எடுத்தபின் பற்றிய தீ தானாக அணைய வேண்டும். அந்த நேரம் முழுவதும் கவசத்தின் உட்புற வெப்பம் 70 டிகிரியைத் தாண்டக் கூடாது. கடையில் மலிவாகக் கிடைக்கும் பாலிகார்பனேட் ஓட்டையும், சாதாரண நைலான் துணி உள்ளுறையையும் இந்தச் சோதனைக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எஸ்ஏ கவசங்களின் உள்ளுறை தீப்பிடிக்காத துணியால் ஆனது. விலை கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கார்ப் பந்தயக் கவசம் வாங்கிவிட்டோமே, இனி பைக்குக்கும் அதுவே போதும் என்று இருந்துவிட முடியாது. எஸ்ஏ தரம் கண்திறப்பு சற்றுக் குறுகலாக இருப்பதை அனுமதிக்கிறது. சாலையில் பக்கவாட்டில் வரும் பேருந்தைப் பார்க்க அது உதவாது. அத்துடன், 2021 ஜூன் முதல் நம் நாட்டில் இருசக்கர வாகனத் தலைக்கவசத்துக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம்.

கேள்வி: இணையக் கடைகளில் பார்த்தால் எஸ்ஏ2015, எஸ்ஏ2020, எஸ்ஏ2025, எஃப்ஐஏ 8859, 8860 என்று ஒரே எண் மயமாக இருக்கிறது. எஸ்ஏ2015 ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (சென்னை வாசகர்)

பதில்: வாங்க வேண்டாம். பெட்டி பிரிக்காத புதுக் கவசமாகவே இருந்தாலும், அதன் தரம் பத்தாண்டுக்கு முந்தையது. ஸ்னெல் அமைப்பு எஸ்ஏ தரத்தை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திருத்துகிறது; பின்னால் உள்ள எண் எந்த ஆண்டின் விதிப்படி சோதிக்கப்பட்டது என்பதைக் காட்டுகிறதே தவிர, கவசம் செய்யப்பட்ட ஆண்டைக் காட்டுவதில்லை. நடப்புத் தரத்தையும் அதற்கு முந்தைய ஒன்றையும் ஏற்பது பல அமைப்பாளர்களின் வழக்கம். ஆகவே இன்று பாதி விலைக்கு வாங்கும் எஸ்ஏ2015 கவசத்தை நாளையே வாசலில் மறுக்கலாம். எஸ்ஏ2020 நல்ல தள்ளுபடியில் கிடைத்து, நீங்கள் அடிக்கடி போகும் தடத்தின் அமைப்பாளர் இன்னும் சில ஆண்டுகளுக்கு அதை ஏற்பதாக உறுதி சொன்னால் தயங்காமல் வாங்கலாம். இல்லையென்றால் எஸ்ஏ2025.

ஸ்னெல் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்றும் பலர் கேட்கிறார்கள். கலிபோர்னியாவில் ஓய்வுநேரப் பந்தய ஓட்டுநராக இருந்த பீட் ஸ்னெல் 1956-இல் ஒரு விபத்தில், அணிந்திருந்த தலைக்கவசம் காப்பாற்றத் தவறியதால், தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய நண்பர்கள் 1957-இல் தொடங்கியதுதான் இந்த அறக்கட்டளை. அதாவது இந்தத் தரம் பிறந்தது தொழில்முறைப் பந்தயத்துக்காக மட்டுமன்று. உங்களையும் என்னையும் போல வார இறுதியில் ஓட்டியவர் ஒருவரின் மரணத்திலிருந்து.

எஃப்ஐஏ என்பது உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு. அதன் 8859 வரிசை பல நிலைப் பந்தயங்களுக்கும் பொருந்தும் விலைக்குள் அடங்கிய தரம். 8860 வரிசை உச்சநிலைப் பந்தயங்களுக்கானது. 2009-இல் ஹங்கேரியில் பார்முலா ஒன் பந்தயத்தின் தகுதிச் சுற்றின்போது முன்னால் சென்ற ரூபன்ஸ் பாரிசெல்லோவின் காரிலிருந்து கழன்ற ஒரு சுருள்வில், பின்னால் வந்த பெலிப்பே மாசாவின் தலைக்கவசத்தில் கண்ணுக்கு மேலே பாய்ந்தது நினைவிருக்கலாம். மாசா உயிர் பிழைத்தார். ஆனால் கண்ணாடியின் மேல்விளிம்புதான் பலவீனமான இடம் என்பது எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. முதலில் அந்த விளிம்பில் சைலான் என்ற மிக வலுவான செயற்கை இழைப் பட்டையை ஒட்டினார்கள். பின்னர் 8860-2018 தரத்தில் கண்திறப்பையே கீழிறக்கி, நெற்றிப் பகுதியை வலுப்படுத்தினார்கள். 2019-இலிருந்து பார்முலா ஒன்னில் அதுதான் கட்டாயம். அத்தகைய கவசத்தின் விலைக்கு உங்கள் காருக்கு நல்ல பிரேக் பேடும் டயரும் வாங்கி, நான்கைந்து டிராக் டே கட்டணமும் கட்டிவிடலாம். மூடிய கூரையுள்ள சாலைக் காருக்கு 8860 தேவையில்லை. ஸ்னெல் எஸ்ஏ அல்லது எஃப்ஐஏ 8859, இரண்டில் எது இருந்தாலும் போதும்.

பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள். ஸ்னெல் முத்திரைச் சீட்டு கவசத்துக்குள், பெரும்பாலும் மெத்தையைச் சற்று விலக்கினால் தெரியும் இடத்தில், தொடர் எண்ணுடன் ஒட்டப்பட்டிருக்கும். எந்த நிறுவனத்தின் எந்த மாடல், எந்த அளவு சான்று பெற்றது என்ற பட்டியலை அறக்கட்டளை தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. வாங்குவதற்கு முன் விற்பவரிடம் அந்தச் சீட்டின் படத்தைக் கேளுங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: இதுபோன்ற கவசங்களை நேரில் போட்டுப் பார்த்து வாங்கும் கடைகள் எங்கள் ஊரில் இல்லை. அளவு சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கிறது. சரியான அளவை எப்படித் தெரிந்துகொள்வது? பொருந்துகிறதா இல்லையா என்பதை வந்தபின் எப்படிச் சோதிப்பது? எனக்கு நீண்ட கூந்தல் வேறு இருக்கிறது. (மதுரை வாசகி)

பதில்: இதுவரை வந்த கேள்விகளில் இதுதான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. முத்திரைகள் எல்லாம் சரியாக இருந்து, தலைக்குப் பொருந்தாத கவசம் வாங்குவதைவிட, ஒரு படி கீழான தரத்தில் கச்சிதமாகப் பொருந்துவது மேல் என்று நான் சொல்வேன்.

தலையைத் தையல் நாடாவால் அளக்க வேண்டும். புருவத்துக்கு ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் மேலே தொடங்கி, காதுக்கு மேலாகச் சென்று, பின்தலையில் மிகவும் புடைத்திருக்கும் இடத்தின் மீது நாடாவைச் சுற்றுங்கள். ஒன்றுக்கு மூன்று முறை அளந்து, கிடைத்தவற்றில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டும்போது உள்ளே தீத்தடுப்புத் துணி முகமூடி, அதாவது பாலக்லாவா, அணிவதாக இருந்தால் அதை அணிந்துகொண்டே அளக்க வேண்டும். பிறகு நீங்கள் வாங்கவிருக்கும் நிறுவனத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஒரு நிறுவனத்தில் 58 சென்டிமீட்டர் நடுத்தர அளவாக இருக்கும். இன்னொன்றில் அதுவே பெரிய அளவின் தொடக்கமாக இருக்கும். பைக் கவசம் ‘லார்ஜ்’ என்பதால் இதுவும் ‘லார்ஜ்’ என்று முடிவு செய்யாதீர்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவில் நின்றால் பெரும்பாலும் சிறியதே சரி. ஏனென்றால் மெத்தை பழகப் பழகச் சற்று அமுங்கும்.

சுற்றளவு ஒன்றாக இருந்தும் தலையின் வடிவம் வேறாக இருக்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மேலிருந்து பார்த்தால் சிலர் தலை நெற்றியிலிருந்து பின்பக்கம் நீண்டிருக்கும். சிலர் தலை ஏறக்குறைய வட்டமாக இருக்கும். நீண்ட தலைக்கு வட்டக் கவசம் போட்டால் நெற்றியும் பின்தலையும் வலிக்கும், பொட்டுப் பகுதியில் விரல் நுழையும். வட்டத் தலைக்கு நீண்ட கவசம் போட்டால் பொட்டு வலிக்கும், முன்னும் பின்னும் ஆட்டம் இருக்கும். இந்தக் குறையை ஓர் அளவு பெரிதாக வாங்கித் தீர்க்க முடியாது. நிறுவனத்தையோ மாடலையோதான் மாற்ற வேண்டும். ஒளிப்படத்தைப் பார்த்து இது தெரியாது. தடத்துக்கு ஒருமுறை பார்வையாளராகப் போய், அங்கே ஓட்டுபவர்களிடம் கேட்டு, அவர்களுடையதைத் தலையில் வைத்துப் பார்ப்பது ஒரு நல்ல வழி. பந்தயக்காரர்கள் இந்த விஷயத்தில் கருமிகள் அல்லர்.

பார்சல் வந்ததும் திரும்ப அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். தாடைப் பட்டைகள் இரண்டையும் கைக்கு ஒன்றாகப் பிடித்து வெளிப்பக்கம் இழுத்து விரித்துக்கொண்டே தலையை நுழைக்க வேண்டும். காதுகளைத் தாண்டும்போது இறுக்கமாக இருப்பது இயல்பு. உள்ளே போனபின் கன்னம் இரண்டும் லேசாக உள்நோக்கி அழுந்தியிருக்க வேண்டும். வாயைத் திறந்து பேசினால் கன்னத்தின் உட்சதை பல்லில் படும் அளவு இருந்தால் புதுக் கவசத்துக்கு அது சரியான இறுக்கம். தாடைப் பகுதியை ஒரு கையால் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்புங்கள். கவசத்தோடு சேர்ந்து உங்கள் நெற்றித் தோலும் கன்னமும் நகர வேண்டும். தலை அசையாமல் கவசம் மட்டும் திரும்பினால் அது பெரிது.

அடுத்து, பட்டையை இரட்டை வளையத்தில் கோத்து இறுக்கியபின், வீட்டில் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி, கவசத்தின் பின்விளிம்பைப் பிடித்து மேல்நோக்கியும் முன்நோக்கியும் தள்ளச் சொல்லுங்கள். கண்ணை மறைக்கும் அளவுக்கு அது உருண்டு வந்தால், விபத்தில் கழன்றே போய்விடும். இந்த ஒரு சோதனையைக் கடைக்காரர்களும் செய்வதில்லை, வாங்குபவர்களும் செய்வதில்லை. கடைசியாக, கவசத்தை அணிந்தபடியே அரை மணி நேரம் உட்காருங்கள். கழற்றியதும் கண்ணாடியில் நெற்றியைப் பாருங்கள். சிவப்பு பரவலாக இருந்தால் கவலையில்லை. நாணய அளவில் ஒரே இடத்தில் சிவந்து வலித்தால், முதல் இருபது நிமிட ஓட்டத்திலேயே அந்த வலி உங்கள் கவனத்தைத் தின்றுவிடும்.

கூந்தலைப் பற்றி: கொண்டை கவசத்துக்குள் அடங்காது, வலிந்து அடக்கினால் கவசம் முன்பக்கம் சாய்ந்து நிற்கும். கழுத்தருகே தாழ்வாகத் தளர்ந்த பின்னலாகப் போட்டு, அதைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். ஊக்கு, கிளிப், காதணி ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிடுங்கள். அன்று தலைக்கு எண்ணெய் வேண்டாம். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. கவசத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று ஸ்னெல் அமைப்பு பரிந்துரைப்பதற்குச் சொல்லும் காரணங்களில் பசை, பிசின் ஆகியவற்றின் தேய்மானத்தோடு தலை எண்ணெய், வியர்வை, ஒப்பனைப் பொருள்கள் ஆகியவையும் இடம்பெற்றிருக்கின்றன. தேங்காய் எண்ணெய் தடவிய தலையோடு கவசம் அணியும் நமக்கு அது கூடுதலாகவே பொருந்தும்.

கேள்வி: முழுமுகக் கவசமா, முகம் திறந்த கவசமா? காற்றுப்பை உள்ள காரில் முழுமுகம் ஆபத்து என்கிறார் என் நண்பர். (திருச்சி வாசகர்)

பதில்: ராலி ஓட்டுநர்கள் முகம் திறந்த கவசம் அணிவதைப் பார்த்து உங்கள் நண்பர் சொல்லியிருக்கலாம். அவர்களுக்கு ஓயாமல் பேசும் வழிகாட்டி பக்கத்தில் இருக்கிறார். முழுக் கூண்டும் ஐந்தாறு முனைப் பெல்ட்டும் உடலைப் பின்னுக்கு இழுத்து வைத்திருக்கின்றன. சாலைக் காரின் மூன்று முனைப் பெல்ட்டில் நம் உடல் கணிசமாக முன்னே போகும். காற்றுப்பை விரியும்போது திறந்த முகத்தில் அது நேரடியாக அடிக்கும். விரியாதபோது ஸ்டியரிங் சக்கரம் அடிக்கும். மேலும் பல தடங்களில் முன் சன்னல்களை இறக்கிவிட்டு ஓட்டச் சொல்வார்கள்; முன்னால் போகும் காரின் டயர் எறியும் சரளைக் கல் உள்ளே வரும். நான் முழுமுகத்தையே பரிந்துரைப்பேன். கூரையில்லாத கார் என்றால் இதில் விவாதத்துக்கே இடமில்லை.

ஆனால் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்களிடமுள்ள எந்தக் கவசத்தையாவது போட்டுக்கொண்டு காரில் ஏறி அமருங்கள். கவசம் உங்கள் உயரத்தில் சில சென்டிமீட்டர் கூட்டும். மேற்கூரைச் சன்னல் உள்ள கார்களில் கூரை இன்னும் தாழ்வாக இருக்கும். கவசத்துக்கும் கூரைக்கும் இடையில் உள்ளங்கையாவது நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் இருக்கையைக் கீழிறக்குங்கள். சாய்மானத்தைப் படுக்க வைத்து இடம் உண்டாக்காதீர்கள். அப்படிச் சாய்ந்தால் மோதலில் உடல் இடுப்புப் பெல்ட்டுக்கு அடியில் நழுவும், கையும் ஸ்டியரிங்குக்கு எட்டாமல் போகும்.

கேள்வி: கழுத்தைக் காக்கும் ‘ஹான்ஸ்’ கருவியையும் சேர்த்தே வாங்கிவிடலாமா? என் காரில் கம்பெனி பொருத்திய சீட் பெல்ட்தான் இருக்கிறது. (பெங்களூருவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: அந்தப் பெல்ட்டோடு ஹான்ஸை அணியக் கூடாது. ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கவசத்தின் எடை ஏன் முக்கியம் என்பதும் அதிலேயே விளங்கும்.

மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. பந்தயக் கவசம் ஏறத்தாழ ஒன்றரை கிலோ. கார் சுவரில் மோதி, புவியீர்ப்பைப் போல் 40 மடங்கு விசையோடு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தோளும் மார்பும் பெல்ட்டில் நின்றுவிடும். ஆறரைக் கிலோ இருந்த தலையும் கவசமும் அந்தக் கணத்தில் 260 கிலோ எடைபோல முன்னே இழுக்கும். அதைத் தாங்குவது கழுத்து மட்டும்தான். தலை எதன் மீதும் மோதாமலே மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து ஓட்டுநர் இறப்பது இப்படித்தான். எத்தனை உயர்ந்த தலைக்கவசமும் இதைத் தடுக்காது. 1981-இல் நண்பர் ஒருவரை இவ்வாறு இழந்த அமெரிக்கப் பந்தய ஓட்டுநர் ஜிம் டவுனிங்கும், அவருடைய மைத்துனரும் உயிரியக்கவியல் பேராசிரியருமான ராபர்ட் ஹப்பர்டும் சேர்ந்து உருவாக்கியதே ஹான்ஸ். பல ஆண்டுகள் ஓட்டுநர்கள் அதை அசௌகரியம் என்று ஒதுக்கினார்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் டேட்டோனா தடத்தில் புகழ்பெற்ற பந்தய ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தபிறகு அந்த முணுமுணுப்பு நின்றது. 2003-இல் பார்முலா ஒன் அதைக் கட்டாயமாக்கியது.

ஹான்ஸ் என்பது தோளின் மீது அமரும் ஒரு நுகம். இரு தோள் பெல்ட்டுகளும் அதன் இரு பக்கங்களையும் அழுத்திப் பிடித்திருந்தால்தான், அதிலிருந்து கவசத்துக்குப் போகும் கயிறுகள் தலையைப் பிடித்து நிறுத்தும். சாலைக் காரின் பெல்ட்டோ ஒரு தோளில் மட்டும் குறுக்காக ஓடுகிறது. மறுபக்கம் நுகத்தைப் பிடிக்க ஒன்றுமில்லை. மோதலில் அது பக்கவாட்டில் நழுவிக் கழுத்தையே காயப்படுத்தக்கூடும்.

அப்படியானால் ஆறு முனைப் பெல்ட் பொருத்திவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். கூண்டு இல்லாத காரில் அதையும் செய்யாதீர்கள். கார் கவிழ்ந்து கூரை நசுங்கினால், மூன்று முனைப் பெல்ட்டில் உடல் பக்கவாட்டில் சாய இடமிருக்கும். ஆறு முனைப் பெல்ட் உங்களை நிமிர்ந்தபடி கூரைக்கு அடியில் கட்டிவைக்கும். இருக்கை, பெல்ட், கூண்டு, ஹான்ஸ் ஆகிய நான்கும் சேர்ந்தே வர வேண்டியவை. அவற்றுள் ஒன்றை மட்டும் வாங்குவது, தயாரிப்பாளர் ஒன்றாகச் சோதித்துக் கொடுத்த அமைப்பைக் கலைப்பதாகும். இப்போது நீங்கள் செய்யக்கூடியது, ஹான்ஸ் கொக்கிகளைப் பொருத்துவதற்கான எம்6 திருகுத் துளைகள் உள்ள கவசத்தை வாங்குவது. இன்றைய எஸ்ஏ கவசங்களில் அவை தயாராகவே இருக்கும். பின்னாளில் காரை முழுமையாக மாற்றினால் கவசத்தை மாற்ற வேண்டியிருக்காது.

எடையைக் குறைக்கக் கார்பன் இழைக் கவசம் வாங்கலாமா என்று இதே கடிதத்தில் ஒரு துணைக்கேள்வியும் இருக்கிறது. இருநூறு முந்நூறு கிராம் வித்தியாசத்துக்கு இரு மடங்கு விலை கொடுப்பது, இருபது நிமிடம் ஓட்டி இளைப்பாறும் நமக்கு அவசியமில்லை. கண்ணாடி இழைக் கவசமே போதும்.

கேள்வி: சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்து வெயிலில் அரை மணி நேரம் கவசத்துக்குள் இருப்பதே தண்டனையாகிவிடுகிறது. மூக்குக் கண்ணாடியும் அணிகிறேன். ஏதாவது வழி உண்டா? (திருவள்ளூர் வாசகர்)

பதில்: வெள்ளை நிறத்தில் வாங்குங்கள். கறுப்பு மேட் பூச்சு படத்தில் அழகாக இருக்கும். ஏப்ரல் வெயிலில் வரிசையில் காத்திருக்கும்போது அதன் அருமை தெரியும். நெற்றியிலும் தாடையிலும் காற்றுத் துளைகள் உள்ள மாடல் நல்லது. ஆனால் அவை வேகமாகப் போகும்போதுதான் வேலை செய்யும் என்பதால், தடத்துக்குள் நுழையும் முறை வரும்வரை கவசத்தைக் கையில் வைத்திருப்பதே எல்லாவற்றையும்விடச் சிறந்த காற்றோட்டம். கூலிங் கண்ணாடி மூடி தேவையில்லை. மாலையில் வெளிச்சம் குறையும்போது தொந்தரவாகும். நிறமற்றதையே வைத்துக்கொள்ளுங்கள்.

மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் கவசத்தைப் போட்டபிறகே கண்ணாடியைச் செருக வேண்டும். காதோரத்தில் அதன் தண்டு நுழைவதற்குப் பள்ளம் விட்டிருக்கும் மாடல்கள் உண்டு. தண்டு வளைவில்லாமல் நேராகவும் மெல்லியதாகவும் இருந்தால் சுலபம். இதற்கென ஒரு பழைய சட்டத்தில் உங்கள் பவரைப் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

ஓட்டி முடித்ததும் கவசத்தைக் காரின் பின்கண்ணாடி மேடையிலோ, பெட்ரோல் கேனோடு டிக்கியிலோ போடாதீர்கள். உள்ளே அடியைத் தாங்குவது நாம் தெர்மகோல் என்று அழைக்கும் பொருளின் அடர்ந்த வகைதான். வெப்பமும் பெட்ரோல் ஆவியும் அதற்குப் பகை. மெத்தைகளைக் கழற்ற முடிந்தால் சிறிது ஷாம்பு கலந்த தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்க வேண்டும்.

கேள்வி: நண்பர் தன் எஸ்ஏ2020 கவசத்தைக் குறைந்த விலைக்குத் தருகிறார். ஒருமுறை மேசையிலிருந்து கீழே விழுந்தது என்று அவரே சொன்னார். (சேலம் வாசகர்)

பதில்: உண்மையைச் சொன்ன நண்பருக்கு நன்றி சொல்லிவிட்டு, வாங்காமல் இருந்துவிடுங்கள். வெறும் கவசம் மேசை உயரத்திலிருந்து விழுவதால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. உள்ளே தலை இல்லாததால் தெர்மகோலை நசுக்கும் எடையும் இல்லை. எனினும் ‘பெரும்பாலும்’ என்பதை வெளியிலிருந்து பார்த்து யாரும் உறுதிப்படுத்த முடியாது.

அந்தத் தெர்மகோல் என்ன செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் போகும் தலை, இரண்டரை சென்டிமீட்டர் தெர்மகோலைச் சீராக நசுக்கி நின்றால், மூளை உணர்வது புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 73 மடங்கு. முன்பே நசுங்கிப்போய் அரை சென்டிமீட்டர்தான் மிச்சமென்றால் அது 360 மடங்குக்கு மேல். நசுங்கியது மீண்டும் எழும்பாது. மேலே ஓடு பளபளவென்றுதான் இருக்கும். இந்தக் காரணத்தால்தான் தலையோடு சேர்ந்து ஒருமுறை பலமாக அடிவாங்கிய கவசத்தை, கீறல் தெரியாவிட்டாலும், தூக்கிப் போடச் சொல்கிறோம். தவிர, நண்பர் தலைக்குப் பழகிய மெத்தை உங்கள் தலைக்குப் பொருந்த வேண்டிய கட்டாயமும் இல்லை.

கேள்வி: பன்னிரண்டு வயது மகன் கார்ட்டிங் ஓட்டுகிறான். ‘வளரும் பிள்ளைதானே’ என்று ஓர் அளவு பெரிதாக எஸ்ஏ கவசம் வாங்கிவிடலாம் என்கிறார் என் கணவர். (ஈரோடு வாசகி)

பதில்: பள்ளிச் சீருடைக்குச் சரி, இதற்கு வேண்டாம். கார்ட் என்ற அந்தச் சிறிய திறந்த பந்தய வண்டியில் கூண்டும் பெல்ட்டும் இல்லை. கழுத்து எலும்பு முதிராத சிறுவனுக்கு எடையே பெரிய எதிரி. கார்ட்டிங்குக்கு ஸ்னெல் ‘கே’ என்று தனித் தரம் வைத்திருக்கிறது. எஸ்ஏ-யில் உள்ள தீச்சோதனை அதில் இல்லை, விலையும் குறைவு. சிறுவர்களுக்கென எடைக்கு வரம்பு கட்டிய ‘சிஎம்ஆர்’, ‘சிஎம்எஸ்’ என்ற தரங்களும் உண்டு. மகன் ஓட்டும் தொடரில் எது கட்டாயம் என்று கேட்டு, இன்றைய தலை அளவுக்கே வாங்குங்கள். அடுத்த ஆண்டு தலை பெரிதானால், வாங்கியதை விற்காமல் ஒதுக்கி வைத்துவிட்டு இன்னொன்று வாங்க நேரும் என்பதைச் செலவுக் கணக்கில் இப்போதே சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் உங்கள் கணவரிடம்.

கேள்வி: கவசத்தில் என் பெயரும் ஒரு புலி உருவமும் வரையலாமா? பயிற்றுநரோடு பேச மைக் பொருத்தத் துளை போடலாமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: துளை போடவே கூடாது, போட்ட நிமிடத்தில் முத்திரை செல்லாது. பசைப் பட்டையால் ஒட்டும் மைக்குகளும், உள்ளே செருகும் ஒலிபெருக்கிகளும் கிடைக்கின்றன; அவற்றையும் தயாரிப்பாளர் ஏற்கிறாரா என்று பார்த்து வாங்குங்கள். வண்ணம் பூசுவதில் எச்சரிக்கை தேவை. பெயிண்டில் உள்ள தின்னர் சில வகை ஓடுகளையும், விளிம்பு வழியே கசிந்தால் உள்ளே உள்ள தெர்மகோலையும் அரித்துவிடும். அடுப்பில் வைத்துச் சூடேற்றி உலர்த்தும் பூச்சு அறவே கூடாது. தயாரிப்பாளர் அனுமதிக்கும் பெயிண்ட் வகை கவசத்தோடு வரும் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். கையேட்டில் ஒன்றும் இல்லையென்றால், புலியைக் காரின் பானெட்டில் வரைந்துகொள்ளலாம்.